எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, மனிதருக்கு உயிர் போனது: புது மருந்தை யாருடைய கல்லீரலில் சோதிப்பது?

1993-ம் ஆண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், பெதஸ்டா என்ற ஊரில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் ஒரு மருந்துப் பரிசோதனை தொடங்கியது. மருந்தின் பெயர் ஃபியாலூரிடின். ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட மருந்து. 15 நோயாளிகள் முன்வந்தார்கள். 24 வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்பது திட்டம்.

13-வது வாரத்தில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது. உடனே எல்லோருக்கும் மருந்து நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் பாதிப்பு நிற்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் மேலும் 6 பேர் அதே நிலைக்குப் போனார்கள். பாதிக்கப்பட்ட 7 பேரில் 5 பேர் இறந்தனர். இரண்டு பேர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தனர்.

இத்தனைக்கும் அந்த மருந்தைச் சுண்டெலி, எலி, நாய், குரங்கு என எல்லாவற்றிலும் முன்கூட்டியே சோதித்திருந்தார்கள். மனிதக் கல்லீரலுக்கு ஆபத்து வரும் என்று எந்த விலங்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

விலங்கில் தெரியாத ஆபத்தை மனிதருக்குக் கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வகங்களில் தட்டிலும், சிப்பிலும், எலிக்குள்ளும் மனிதக் கல்லீரலை உருவாக்கிப் பார்ப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விதான்.

அடி ஏன் கல்லீரல் மேல் விழுகிறது?

வாய்வழியாகச் சாப்பிடும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக உடல் முழுக்கப் போய்விடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே நொதிகள் அந்த மருந்தை உடைத்து, வேறு பொருளாக மாற்றி, வெளியேற்றத் தயார் செய்கின்றன.

சிக்கலும் அங்கேதான். சில சமயம் மருந்தைவிட, அது உடைந்து உருவாகும் பொருள் ஆபத்தானதாக இருக்கும்.

நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. சரியான அளவில் சாப்பிட்டால், கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும், நச்சு கல்லீரல் செல்களையே தாக்க ஆரம்பிக்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர் கல்லீரல் செயலிழப்புக்கு முதன்மையான காரணம் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உட்கொள்வதுதான்.

மருந்துகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்படுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகவும் கல்லீரல் பாதிப்பு இருந்து வருகிறது.

எலிக்குத் தெரியாதது நமக்கு மட்டும் ஏன்?

எல்லா விலங்கின் கல்லீரலும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் நொதிகளின் வகையும் அளவும் இனத்துக்கு இனம் மாறும். அதே பாராசிட்டமால் சுண்டெலியின் கல்லீரலைச் சுலபமாகக் கெடுத்துவிடும். சற்றுப் பெரிய உடம்புள்ள எலி வகையோ நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இரண்டுமே கொறித்துண்ணிகள்தான். இவற்றுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், எலிக்கும் மனிதருக்கும் எவ்வளவு இருக்கும்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. மனிதர்களிடம் பக்கவிளைவு உண்டாக்கிய 150 மருந்துப் பொருட்களை 12 மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அலசின. அந்தப் பக்கவிளைவுகளில் 71 சதவீதம், ஏதாவது ஒரு விலங்கிலாவது முன்பே தெரிந்திருந்தது. விலங்குச் சோதனை வீண் இல்லை என்பதற்கு இது சான்று. மீதி 29 சதவீதம் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. கல்லீரல் பாதிப்பை மட்டும் தனியாக எடுத்தால், விலங்கில் தெரிந்தது இந்தச் சராசரியைவிடக் குறைவு.

சரி, ஃபியாலூரிடின் விஷயத்தில் என்னதான் நடந்தது?

நம் செல்களுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. ஃபியாலூரிடின், டிஎன்ஏவைக் கட்டும் செங்கற்களில் ஒன்றைப் போலவே இருக்கும். வைரஸின் டிஎன்ஏவுக்குள் நுழைந்து அதைக் கெடுக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்ட மருந்து அது. ஆனால் அது மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவுக்குள்ளும் புகுந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியா மெல்ல மெல்லச் சீர்குலைந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் பாதிப்பு தொடர்ந்தது இதனால்தான்.

எலிக்கு ஏன் இது நடக்கவில்லை? வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் இதற்கு விடை சொன்னார்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில், இந்த மருந்தை உள்ளே இழுத்துவிடும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. சுண்டெலியிலும் அதே புரதம் உண்டு, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் அது இல்லை. அதனால் மருந்துக்கு உள்ளே போக வாசலே கிடைக்கவில்லை.

பிற்பாடு வட அமெரிக்காவில் வாழும் வுட்சக் என்ற கொறித்துண்ணிக்கு இதே மருந்தைப் பல வாரம் கொடுத்தார்கள். அதற்குக் கல்லீரல் கெட்டது. ஆபத்தைக் காட்டும் விலங்கு ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் எந்த விலங்கைக் கேட்கவேண்டும், எத்தனை வாரம் காத்திருக்கவேண்டும் என்பது 1993-ல் யாருக்கும் தெரியாது.

மனிதர்களிடம் சோதிக்கிறார்களே, அதில் தெரிந்துவிடாதா?

எப்போதும் தெரியாது. காரணம் எளிய கணக்கு. ஒரு மருந்து 10,000 பேரில் ஒருவரின் கல்லீரலைத் தாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நபரையாவது சோதனையில் பார்த்துவிடுவோம் என்று 95 சதவீதம் நம்பிக்கையாகச் சொல்ல, சுமார் 30,000 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். வழக்கமான மருந்துப் பரிசோதனைகளில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள்.

ட்ரோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்கு 1997-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அனுமதிக்கு முந்தைய பரிசோதனைகளில் அதை எடுத்துக்கொண்டவர்கள் சுமார் 2,500 பேர். அவர்களில் 1.9 சதவீதம் பேருக்குக் கல்லீரல் நொதி அளவு ரத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. கல்லீரல் செயலிழப்பு வரை யாரும் போகவில்லை. லட்சக்கணக்கானோர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் செயலிழப்புகளும் மரணங்களும் தெரியவந்தன. பிரிட்டனில் 1997 டிசம்பரிலேயே விற்பனை நின்றது. அமெரிக்காவில் 2000 மார்ச் வரை விற்பனையில் இருந்தது.

விலங்கு ஒரு பக்கம் கைவிரிக்கிறது, மனிதப் பரிசோதனை தாமதமாகச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கத்தான் ஆய்வகக் கல்லீரல்கள்.

கல்லீரல் செல்லைத் தட்டில் வளர்த்தால் போதாதா?

முதல் முயற்சியே அதுதான். ஹெப்-ஜி2 என்ற செல் வகை உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கிறது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு சிறுவனின் கல்லீரல் புற்றுக்கட்டியிலிருந்து 1970-களில் எடுக்கப்பட்டது. விலை குறைவு, எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் இது புற்றுநோய் செல். மருந்தை உடைக்கும் நொதிகள் இதில் மிகக் குறைவு. மருந்து உடைந்து நச்சாக மாறினால்தானே ஆபத்து தெரியும்? உடைக்கவே தெரியாத செல்லிடம் கேட்டால் 'எல்லாம் நலம்' என்றுதான் பதில் வரும்.

அப்படியென்றால் உண்மையான மனிதக் கல்லீரல் செல்? தானமாகக் கிடைத்து, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியாமல் போகும் கல்லீரல்களிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. இவற்றில் நொதிகள் நிறைய உண்டு. சிக்கல் என்னவென்றால், உடம்பிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் தட்டில் போட்டால் சில நாட்களிலேயே அவை தங்கள் வேலையை மறந்துவிடுகின்றன. செல் உயிரோடு இருக்கும், ஆனால் கல்லீரல் செல்லாக இருக்காது. மூன்று மாதம் கழித்து வெளிப்படும் ஃபியாலூரிடின் மாதிரியான பாதிப்பை மூன்று நாள் தாங்கும் செல்லில் எப்படிப் பிடிப்பது?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சங்கீதா பாட்டியா, சல்மான் கேதானி ஆகியோர் 2008-ல் ஒரு வழி காட்டினார்கள். கல்லீரல் செல்களைச் சின்னச் சின்னத் தீவுகளாக அமைத்து, சுற்றிலும் இணைப்புத்திசு செல்களை வளர்த்தார்கள். பக்கத்துணை கிடைத்ததும் கல்லீரல் செல்கள் வாரக்கணக்கில் தங்கள் வேலையைச் செய்தன. கல்லீரல் செல்லைத் தனியாக விட்டால் அது கல்லீரலாக நடந்துகொள்ளாது என்பது இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய பாடம்.

எலிக்குள் மனிதக் கல்லீரல்

இன்னொரு வழி, சுண்டெலியின் கல்லீரல் செல்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மனிதக் கல்லீரல் செல்களைக் குடியேற்றுவது. எலியின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நிய செல்களை விரட்டிவிடும் என்பதால், எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளையே இதற்கு உருவாக்குகிறார்கள்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேரி பெல்ட்ஸ் தலைமையிலான குழு, இப்படி உருவாக்கிய எலிகளுக்கு ஃபியாலூரிடினைக் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2014-ல் வெளியானது. மனிதக் கல்லீரல் இருந்த எலிகளுக்குக் கல்லீரல் கெட்டது, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. பெதஸ்டா நோயாளிகளுக்கு வந்த அதே அறிகுறிகள். அதிக அளவு மருந்து கொடுத்தவற்றில் நான்கே நாளில் தெரிந்தது. மனிதக் கல்லீரல் பொருத்தப்படாத எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒரு எலி 1993-ல் இருந்திருந்தால் அந்தச் சோதனை தொடங்கியே இருக்காது என்பதை இந்த ஆய்வு காட்டியது. ஆனால் இந்த எலிகளை உருவாக்கச் செலவும் நேரமும் அதிகம். எதிர்ப்புச் சக்தி இல்லாததால், நோய் எதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்பட்ட பாதிப்பை இவற்றில் பார்க்க முடியாது.

பென் டிரைவ் அளவில் ஒரு கல்லீரல்

அடுத்து சிப். பெயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் சிப் ஞாபகம் வரும். இது பென் டிரைவ் அளவில், கண்ணாடி மாதிரித் தெளிவான, வளையும் தன்மையுள்ள ஒரு துண்டு. உள்ளே இரண்டு நுண்ணிய கால்வாய்கள், நடுவில் துளைகள் உள்ள மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் மனிதக் கல்லீரல் செல்கள். மறுபக்கம் ரத்தக்குழாய்ச் சுவர் செல்கள், கல்லீரலில் காவல் வேலை பார்க்கும் எதிர்ப்பு செல்கள், தழும்பை உண்டாக்கும் செல்கள். கால்வாய் வழியாக ஊட்டத் திரவம் ரத்தம் போல ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் திரவத்தில் மருந்தைக் கலந்து என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழு 2010-ல் நுரையீரல் சிப்பை உருவாக்கிக் காட்டியதிலிருந்து இந்தத் துறை வேகம் எடுத்தது. அங்கிருந்து பிறந்த எமுலேட் என்ற நிறுவனம் 2022 டிசம்பரில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 870 கல்லீரல் சிப்கள், 27 மருந்துகள். எந்த மருந்து மனிதக் கல்லீரலைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று ஏற்கெனவே தெரிந்த மருந்துகள் அவை.

கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைச் சிப் சரியாகப் பிடித்தது. விலங்குச் சோதனையில் பாஸ் ஆகிப் பிறகு மனிதரிடம் மாட்டிக்கொண்ட மருந்துகளும் அதில் அடக்கம். பாதுகாப்பான மருந்து எதையும் தவறாக ஆபத்து என்று சொல்லவில்லை. நல்ல மருந்து ஒன்றைத் தவறாகக் குப்பையில் போட்டால், அதனால் பிழைத்திருக்கக்கூடிய நோயாளிகளுக்கு நஷ்டம் என்பதால், இந்த இரண்டாவது முடிவும் முதலாவதைப் போலவே முக்கியம்.

இதில் கவனிக்கவேண்டியவை மூன்று. சிப்பைத் தயாரிக்கும் நிறுவனமே நடத்திய ஆய்வு இது. 27 மருந்து என்பது சின்ன எண்ணிக்கை. மேலும், இந்த வகைச் சிப்களில் பயன்படும் சிலிகான் பொருள் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். செல்லுக்குப் போகவேண்டிய மருந்து சிப்பின் சுவருக்குள் போய்விட்டால் கணக்கு தப்பிவிடும்.

நோயையும் ஆய்வகத்தில் வளர்க்கலாமா?

இதுவரை பார்த்தது மருந்தின் பாதுகாப்பு. கல்லீரல் நோய்க்கே மருந்து கண்டுபிடிக்கவும் இதே மாதிரிகள் வேண்டும். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹெபடைட்டிஸ் சி நல்ல உதாரணம்.

அந்த வைரஸ் 1989-ல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் பல ஆண்டுகள் அதை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. வளராத வைரஸ் மீது எந்த மருந்தைச் சோதிப்பது? 1999-ல் ஜெர்மனியில் ரால்ஃப் பார்டென்ஷ்லாகர் குழு, வைரஸின் மரபணுத் துண்டு ஒன்றைக் கல்லீரல் புற்று செல்களில் தானாகப் பெருகவைத்தது. 2005-ல் முழு வைரஸையே தட்டில் வளர்க்க முடிந்தது. அதன்பிறகு மருந்துத் தேடல் சூடுபிடித்தது. சோஃபோஸ்புவிர் 2013-ல் அனுமதி பெற்றது. இன்று புதிய மாத்திரைகளின் கூட்டு, பெரும்பாலும் 12 வாரத்தில், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகிறது. செல் மாதிரியை உருவாக்கியவர்களுக்கும் மருந்தை உருவாக்கியவருக்கும் 2016-ல் லாஸ்கர் விருது சேர்த்தே கொடுக்கப்பட்டது.

இப்போது அதே தேடல் கொழுப்புக் கல்லீரல் பக்கம் திரும்பியிருக்கிறது. இதற்குக் கைகொடுப்பது ஆர்கனாய்டு. ஒருவரின் தோல் அல்லது ரத்த செல்லை எடுத்து, பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து கடுகு அளவுகூட இல்லாத குட்டிக் கல்லீரல் உருண்டைகளை வளர்க்கிறார்கள். ஜப்பானின் தகனோரி தகேபே 2013-ல் இந்த வழியில் கல்லீரல் மொட்டுகளை வளர்த்துக் காட்டினார். 2019-ல் அவரது குழு ஆர்கனாய்டுகளுக்குக் கொழுப்பு அமிலம் ஊட்டி, கொழுப்பு சேர்வது, வீக்கம், தழும்பு என்று நோயின் படிகளை உருவாக்கியது. நோயாளியின் சொந்த செல்லிலிருந்தே வளர்ப்பதால், அவருடைய மரபணுவும் அதில் இருக்கும். குறை என்ன? இந்தக் குட்டிக் கல்லீரலின் செல்கள் இன்னும் வளர்ந்த மனிதரின் கல்லீரல் அளவுக்கு முதிர்ச்சி அடையவில்லை. கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரலைத்தான் அவை அதிகம் ஒத்திருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1937-ல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற மருந்தை நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதில் 100-க்கும் மேற்பட்டோர், பலர் குழந்தைகள், இறந்தனர். அதையடுத்து 1938-ல் வந்த சட்டம்தான் விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கச் சொன்னது. விலங்குச் சோதனை நடைமுறைக் கட்டாயமானது அதன் வழியாகத்தான்.

2022 டிசம்பரில் அமெரிக்கா இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. செல், சிப், கணினி மாதிரிகளின் முடிவுகளையும் நிறுவனங்கள் இனி சமர்ப்பிக்கலாம். இந்தியாவும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனை விதிகளைத் திருத்தி இதே வழியைத் திறந்தது. 2025 ஏப்ரலில், மோனோகுளோனல் ஆன்டிபாடி வகை மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

விலங்குச் சோதனை நாளையே நின்றுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு மருந்து இதயம், சிறுநீரகம், மூளை என்று உடம்பு முழுக்க என்ன செய்யும் என்பதைத் தனிக் கல்லீரல் சிப்பால் சொல்ல முடியாது.

பிடிபடாத ஆபத்து

எல்லா மாதிரிக்கும் சவாலாக நிற்பது, சிலரை மட்டும் தாக்கும் பாதிப்பு. ஃப்ளூகுளோக்சசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பு மண்டல மரபணு வகை இருப்பது 2009-ல் தெரியவந்தது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் பாதிப்பு வருகிறது. யாரோ ஒருவர் தானம் செய்த கல்லீரல் செல்லை வைத்துச் செய்த சிப், எல்லோருக்காகவும் பதில் சொல்லிவிட முடியாது.

இது நமக்கு நெருக்கமான விஷயம். இந்தியாவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளில் முன்னணியில் இருப்பவை காசநோய் மருந்துகள். அவற்றில் ஐசோனியசிட்டை உடைக்கும் நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். இந்தியர்களில் கணிசமானோர் மெதுவான வகை, அவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆய்வகக் கல்லீரல்களுக்கு யாருடைய செல் பயன்படுகிறது என்பது அதனால்தான் முக்கியம். நம்மைப் போன்றவர்களின் செல் அதில் இல்லையென்றால், நமக்கு வரும் பாதிப்பும் அதில் தெரியாமல் போகலாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஆய்வகத்தையும் விலங்கையும் மனிதப் பரிசோதனையையும் தாண்டி வரும் மருந்துக்கும் கடைசிச் சோதனை நம் உடம்பில்தான் நடக்கிறது. அதனால் இவற்றை நினைவில் வையுங்கள்:

* புது மருந்து தொடங்கிய சில வாரங்களில் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, வாந்தி, பசியே இல்லாமல் போவது, உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவை தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.
* சளி, காய்ச்சல் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டு வேறு மாத்திரை என்று நினைத்து ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.
* மூலிகை, நாட்டு மருந்து, புரோட்டீன் பவுடர் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவற்றையும் கல்லீரல்தான் உடைக்கவேண்டும்.
* மருந்தால் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் நோயாளியே புகார் செய்யலாம். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் பாதிப்பு, அந்த ஒருவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.